திராட்சை காய்ந்த வெயிலில் டூரிஸ்ட் காயும் ஊர்: லகனாஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கம் என்றதும் எல்லாரும் சாண்டோரினியின் வெள்ளைச் சுவர்களையும் நீலக் குமிழ்க் கூரைகளையும்தான் கேட்கிறார்கள். நான் எழுதப்போவது அவ்வளவு அழகான ஊரைப் பற்றி இல்லை. ஸாக்கிந்தோஸ் தீவின் தெற்குக் கரையில் லகனாஸ் என்று ஓர் ஊர். இளவட்டங்கள் குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் ஊர் என்று ஐரோப்பாவில் பெயர் கெட்டுப் போயிருக்கிறது. ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அது சுத்தமான விவசாயப் பகுதி. அது எப்படி மாறியது என்று என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே வரிசையாகப் போட்டிருக்கிறேன்.

லகனாஸ் சரியாக எங்கே இருக்கிறது?

கிரேக்கத்தின் மேற்குப் பக்கம், அயோனியக் கடலில். ஸாக்கிந்தோஸ் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு, மக்கள் தொகை ஏறக்குறைய 40,000. மேற்குப் பாதி சுண்ணாம்புக்கல் மலை, கிழக்குப் பாதி நல்ல விளைநிலச் சமவெளி. அந்தச் சமவெளி தெற்கே போய்க் கடலைத் தொடும் இடத்தில் பிறை மாதிரி ஒரு வளைகுடா. அதன் நடுவில் லகனாஸ், கிழக்கே கலமாகி, இன்னும் கிழக்கே ஸெகானியா, தாஃப்னி, ஜெராகாஸ் என்று கடற்கரைகள். எதிரே கடலுக்குள் மரத்தோனிசி என்ற குட்டித் தீவு.

சுற்றுலா வருவதற்கு முன் அங்கே என்ன விளைந்தது?

திராட்சைதான் பிரதானம். அதுவும் சாப்பிடும் திராட்சையோ ஒயின் திராட்சையோ இல்லை, காயவைத்து விற்கும் கறுப்புத் திராட்சை. ஆங்கிலத்தில் கறண்ட்ஸ் என்பார்கள், கிரேக்கத்தில் ஸ்தாஃபீதா. அடுத்தது ஆலிவ். அப்புறம் வீட்டுத் தேவைக்குக் கோதுமை, தர்ப்பூசணி, வெங்காயம், நாலு ஆடு. 1484 முதல் 1797 வரை தீவு வெனிஸ்காரர்கள் கையில் இருந்தது. திராட்சையும் ஆலிவும் பணப்பயிராகப் பரவியது அவர்கள் காலத்தில்தான். நிலம் பெரும்பாலும் பிரபுக் குடும்பங்களுடையது, உழுதவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதவர்கள். 20ஆம் நூற்றாண்டில்தான் அது மெதுவாகக் குடியானவர்கள் கைக்கு வந்தது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஆமைக் கதை வரும்போது இது தேவைப்படும். தாத்தா காலத்தில்தான் சொந்தமான நிலம் என்றால் அதன்மேல் ஒரு தனிப் பிடிவாதம் இருக்கும், நம் ஊரில் பார்க்காததா.

கறண்ட்ஸ் என்றால் கிஸ்மிஸ்தானே?

சித்தப்பா மகன் மாதிரி. கிஸ்மிஸைவிடச் சின்னது, கறுப்பு, விதை கிடையாது, புளிப்பு கொஞ்சம் தூக்கல். கொரிந்த் ஊர்த் திராட்சை என்ற பெயர்தான் வாய்வழி திரிந்து கறண்ட்ஸ் ஆனது. அமெரிக்காவில் இன்றைக்கும் இதே தீவின் இத்தாலியப் பெயரால் 'ஸான்டே கறண்ட்ஸ்' என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், அது கலிஃபோர்னியாவில் விளைந்ததாக இருந்தாலும்.

வேலை என்னவோ கிஸ்மிஸைவிட நிறைய. குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் மண்வெட்டியால் கொடியைச் சுற்றிக் கிளறிக் குவிப்பது, பூஞ்சைக்குக் கந்தகத் தூளும் மயில்துத்தமும். 1852ல் சாம்பல் நோய் வந்து அந்த வட்டாரத்து மகசூலையே துடைத்துப்போட்ட பிறகு கந்தகம் இல்லாமல் யாரும் திராட்சை வைப்பதில்லை. பூத்து முடியும் சமயத்தில் ஒவ்வொரு கொடியின் தண்டிலும் கத்தியால் மெல்லிய வளையமாகப் பட்டையைக் கீறி எடுக்க வேண்டும். மேலே ஊறிய சத்து வேருக்கு இறங்காமல் காயிலேயே தங்க வேண்டும் என்பதற்காக. இந்தக் கீறலுக்குப் பதிலாகப் பிற்பாடு ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்டில் அறுவடை. குலைகளைக் களத்தில் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் காயவிட வேண்டும், இடையில் புரட்டிப் போட வேண்டும். ஏறக்குறைய 4 கிலோ பழம் காய்ந்தால் 1 கிலோ. இந்தப் பத்து நாளில் ஒரு மழை பெய்துவிட்டால் தொலைந்தது. நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வயிற்றெரிச்சல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவ்வளவையும் யார் தின்றார்கள்?

பெரும்பங்கு இங்கிலாந்துக்காரர்கள். கிறிஸ்துமஸ் புட்டிங், பழக் கேக், பன் எல்லாவற்றிலும் கறண்ட்ஸ் போட்டுத் தள்ளுவார்கள். இவ்வளவு திராட்சையை வாங்கி என்னதான் செய்கிறார்கள், துணிக்குச் சாயம் போடவா, பன்றிக்குத் தீனியா என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டதாகப் பழைய ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் ஒரு தமாஷ் உண்டு. 1815 முதல் 1864 வரை தீவே பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது, அதற்குப் பிறகுதான் கிரேக்கத்தோடு சேர்ந்தது.

அப்புறம் ஃபிரெஞ்சுக்காரர்கள். 1870, 80களில் ஃபிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்தபோது, ஒயின் செய்ய அவர்கள் கிரேக்கக் கறண்ட்ஸை அள்ளினார்கள். விலை ஏறியது, ஆலிவை வெட்டிவிட்டுக்கூடத் திராட்சை போட்டார்கள். ஃபிரான்ஸ் தன் தோட்டங்களை மறுபடி நட்டு, 1892ல் இறக்குமதி வரியையும் உயர்த்திய உடனே கதை முடிந்தது. 1893ல் விலை சரிந்தது, அதே வருடம் டிசம்பரில் கிரேக்க அரசே திவால் ஆனதாக அறிவித்தது. கறண்ட்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு ஒரே பழத்தை நம்பியிருந்தால் வேறென்ன நடக்கும்? அதற்குப் பிறகு கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் ஏராளம். உபரியை வாங்கி விலையைத் தாங்கிப் பிடிக்க 1925ல் அரசு ஒரு தனி கறண்ட்ஸ் அமைப்பையே ஏற்படுத்தியது.

ஆக, லகனாஸ்காரர்கள் ஒரே சரக்கை ஒரே வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைக்கும் வாழ்க்கைக்குப் புதியவர்கள் இல்லை.

அப்போது கடற்கரையில் ஊரே இல்லையா?

அப்படித்தான் சொல்ல வேண்டும். பந்தோக்ராதோரஸ், முஸாகி, லித்தாக்கியா போன்ற பழைய ஊர்கள் எல்லாம் கரையை விட்டுச் சற்று உள்ளே இருக்கின்றன. கடற்கரை என்பது மீன்பிடிப் படகை இழுத்துப் போடும் இடம், ஆட்டைக் கடலில் முக்கிக் குளிப்பாட்டும் இடம், அவ்வளவுதான். மணலில் திராட்சை நன்றாக வராது, உப்புக்காற்று வேறு.

கிரேக்கத் தீவுகள் முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதை இங்கேயும் பொருந்தும். சொத்துப் பிரிக்கும்போது நல்ல நிலம் மூத்த மகனுக்கு, ஒன்றுக்கும் உதவாத கடலோர மணல் மகளுக்குச் சீதனமாக. சுற்றுலா வந்ததும் சீதன மணல் பொன் விலைக்குப் போனது, அண்ணன்மார்கள் வயிறெரிந்தார்கள். சட்டப்படி கிரேக்கத்தில் சீதன முறையை 1983ல் ஒழித்தார்கள். அதற்குள் மணலெல்லாம் மாப்பிள்ளைகள் பேரில் மாறியாகிவிட்டது என்று நினைக்கிறேன்!

1953 பூகம்பம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்கிறார்களே?

பாதி உண்மை. 1953 ஆகஸ்டில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பெரிய அதிர்வுகள். 12ஆம் தேதி வந்ததுதான் மிகப் பெரியது, ரிக்டர் அளவில் 7ஐ ஒட்டி. ஸாக்கிந்தோஸ் நகரம் இடிந்தது, பிறகு தீப்பிடித்து எரிந்தது. வெனிஸ் கால மாளிகைகள், ஆவணக் காப்பகம் எல்லாம் போயின. தேதியைக் கவனித்தீர்களா? ஆகஸ்ட் நடு, களத்தில் திராட்சை கிடக்கும் நேரம்.

நிறையப் பேர் ஏதென்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் கை குறைந்தது, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. ஆனால் பூகம்பம் முடிந்து இருபது வருடம்வரை லகனாஸ் பெரிதாக மாறவில்லை. மாற்றியது விமானம்.

முதல் டூரிஸ்ட் எப்போது வந்தார்?

முதல் ஆள் யாரென்று யார் கண்டது. தீவில் விமான நிலையம் 1972ல் திறந்தது, ஓடுபாதையின் தெற்கு முனை ஏறக்குறைய லகனாஸ் வளைகுடாவில் வந்து முடியும். பேக்கேஜ் டூர் கம்பெனிகளின் சார்ட்டர் விமானங்கள் 1980களில் குவிந்தன. 1981ல் கிரேக்கம் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது, 1982ல் முதலீட்டு மானியச் சட்டம் வந்தது, கடன் கிடைத்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பிரிட்டிஷ்காரர்கள். முன்பு திராட்சை அங்கே போயிற்று, இப்போது தின்றவர்களே இங்கே வந்துவிட்டார்கள்.

எப்படித் தொடங்கியது என்றால், வீட்டின் முன்னறையைக் காலி செய்து 'வாடகைக்கு அறை' என்று கையால் எழுதிய பலகையை வைப்பது. அடுத்த வருடம் மாடியில் இரண்டு அறை. கூரையில் இரும்புக் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள், கையில் காசு சேர்ந்தால் அடுத்த மாடி எழுப்ப. இன்றும் கிரேக்கத்தில் அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்க்கலாம், நம் புறநகர் வீடுகள் மாதிரியே. மாமியார் சமைத்தார், மருமகள் படுக்கை விரித்தார், மகன் விமான நிலையத்துக்குப் போய் ஆள் பிடித்தான். அப்புறம்தான் நீச்சல்குளம் வைத்த ஹோட்டல்கள், மதுக்கடைகள், ஸ்கூட்டர் வாடகைக் கடைகள் எல்லாம்.

திராட்சையை ஏன் விட்டார்கள்? காசு அதிகம் என்பதாலா?

காசு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் என்றால் எல்லாப் பயிரும் ஒன்றாகப் போயிருக்க வேண்டும், போகவில்லை. எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான் என்பேன். கணக்கைப் பார்ப்பதைவிடக் காலண்டரைப் பாருங்கள்.

டூரிஸ்ட் சீசன் மே மாதம் திறந்து அக்டோபரில் மூடும், உச்சம் ஜூலையும் ஆகஸ்டும். திராட்சைக்குக் கீறல் போடும் வேலை சீசன் ஆரம்பிக்கும்போது வரும். அறுவடையும் காயவைத்தலும் ஆகஸ்டில், அதாவது ஒரு அறைகூடக் காலியாக இல்லாத அதே மாதத்தில். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், கிரேக்கர்கள் எல்லாரும் விடுமுறையில் ஊருக்கு வரும் நாள். ஆகஸ்ட் 24 தீவின் காவல் புனிதர் தியோனிசியோஸின் திருவிழா. இத்தனைக்கும் நடுவில் குனிந்து குலை வெட்ட யார் போவது? அறையைச் சுத்தம் செய்வதும் அதே அம்மாதான், குலை வெட்டுவதும் அதே அம்மாதான். ஒரு உடம்பு ஒரு நாளில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

கூலிக்கு ஆள் வைக்கலாமே என்பீர்கள். ஆளும் அதே மாதத்தில்தான் கிடைக்கமாட்டான், ஹோட்டலில் நிழலில் வேலை செய்தால் டிப்ஸ் வேறு உண்டு. அதோடு திராட்சை வருடம் முழுக்கக் கவனம் கேட்கும் பயிர். ஒரு வருடம் கவாத்து தவறினால் அடுத்த வருட மகசூல் போச்சு, இரண்டு வருடம் விட்டால் தோட்டம் புதர். ஆகஸ்டைத் தவறவிட்டவன் பிப்ரவரியில் எதற்குக் கவாத்து செய்யப்போகிறான்? பயிர் போனது இப்படித்தான், ஒரே நாளில் யாரும் முடிவெடுத்து வேரோடு பிடுங்கவில்லை.

மழைப் பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் வானத்தைப் பார்த்து நிற்பதா, முன்பணம் கட்டிவிட்டு வரும் டூர் கம்பெனியா? எனக்கே விடை தெரியும்.

அப்படியென்றால் ஆலிவ் எப்படித் தப்பியது?

அதே காலண்டரால்தான். ஆலிவ் பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரிவரை. டூரிஸ்ட் போன பிறகு, கை சும்மா இருக்கும்போது. மரத்தடியில் வலையை விரித்து, கிளையைத் தட்டி உதிர்த்து, மூட்டை கட்டி செக்குக்கு அனுப்பிவிட்டால் வருடத்துக்கு வேண்டிய எண்ணெய். மரம் இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டாலும் சாகாது, கோபித்துக்கொள்ளாது. அதனால் இன்று ஹோட்டலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவிலேயே ஆலிவ் தோப்பு நிற்கும், பாருக்குப் பின்னால் நூறு வருட மரம் நிற்கும். ஜூலையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஆள்தான் டிசம்பரில் ரப்பர் பூட்ஸ் போட்டு வலையை இழுப்பான்.

ஆமைகள் விஷயம் என்ன?

காரெட்டா காரெட்டா என்ற கடலாமை, தமிழில் பெருந்தலைக் கடலாமை. மத்தியதரைக் கடலில் அது முட்டையிடும் மிக முக்கியமான இடங்களில் ஒன்று இந்த வளைகுடா. ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கு மேல் கூடுகள், அதில் பாதிக்கு நெருக்கமாக ஸெகானியா என்ற ஒரே சின்னக் கடற்கரையில். ஊர்க்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். திமித்ரிஸ் மார்கரிதூலிஸ் என்பவர் 1977ல் இதை விஞ்ஞான உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1983ல் ஆர்கிலான் என்ற ஆமைப் பாதுகாப்புச் சங்கம் உருவானது.

ஆமைக்கும் ஒரு காலண்டர் உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். சுமார் 55 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும், ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர்வரை. அதாவது அதே வெயில், அதே மணல், அதே மாதங்கள். திராட்சை களத்தோடு நின்றது, ஆமைக்கும் டூரிஸ்டுக்கும் ஒரே இடம் தேவைப்பட்டது.

குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான பக்கம் பார்த்து ஓடும். இயற்கையில் அது கடல், லகனாஸில் அது டிஸ்கோ விளக்கு. குடைக் கம்பியை மணலில் குத்தினால் கீழே முட்டை. பகலில் கரையோரம் சீறும் வேகப்படகு, ஆமை மூச்சு விட மேலே வரும் இடத்திலேயே. இன்னொரு வேடிக்கை: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மரத்தோனிசியில் மணல் வெளுப்பு, சூடு குறைவு, அதனால் ஆண் குஞ்சுகள் அங்கேதான் அதிகம். ஹோட்டல் நிழல் விழுந்தால்கூடக் கணக்கு மாறும்.

ஊர்க்காரர்களுக்கு ஆமைமேல் கோபமா?

ஆமைமேல் இல்லை. ஆமையின் பேரில் வந்த வரைபடத்தின்மேல். 1980களிலேயே கூடுகள் உள்ள கரைகளின் பின்னால் கட்டடம் கட்டத் தடை வரத் தொடங்கியது. 1999 டிசம்பரில் ஜனாதிபதி ஆணை மூலம் ஸாக்கிந்தோஸ் தேசியக் கடல் பூங்கா உருவானது. கடலை மூன்று மண்டலமாகப் பிரித்து, ஒன்றில் படகே கூடாது, மற்ற இரண்டில் 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்துக்குமேல் கூடாது என்றார்கள். கூடுள்ள கடற்கரைகளில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை ஆள் போகக்கூடாது.

இப்போது நடு லகனாஸில் கட்டியவன் ஏற்கெனவே கட்டிவிட்டான். அவன் ஹோட்டலுக்கு ஆமைப் படத்தையே பெயர்ப்பலகையில் போட்டுச் சம்பாதிக்கிறான். தாஃப்னியிலோ ஸெகானியாவிலோ நிலம் வைத்திருந்தவன் மட்டும் எதுவும் கட்டக்கூடாது. ஆமையைக் காப்பாற்றும் செலவு முழுக்க அவன் தலையில். நஷ்டஈடு என்ற பேச்சு பல வருடம் பேச்சாகவே இருந்தது. ஸெகானியாவின் பின்னால் உள்ள நிலத்தை 1994ல் உலக வனவுயிர் நிதியத்தின் கிரேக்கக் கிளை விலைக்கு வாங்கியது. என் கணக்கில் நேர்மையான வழி அதுதான். காப்பாற்ற வேண்டும் என்றால் காசு கொடுத்துக் காப்பாற்று. மற்ற இடங்களில் சிலர் கோபத்தில் அனுமதியில்லாமல் கடை போட்டார்கள். அதைச் சரி என்று சொல்லவில்லை, ஆனால் வாரத்துக்கு உழுத குடும்பத்தின் பேரனிடம் போய் 'இது ஆமையின் நிலம்' என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்று புரிகிறது.

ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனதாமே?

ஆம். 2002 ஜனவரி 30ல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, ஆமைகளைக் காக்கத் தேவையானதைச் செய்யவில்லை என்று. கிழக்கு லகனாஸ் மணலில் மொபெட் ஓட்டியது, ஜெராகாஸிலும் தாஃப்னியிலும் மிதிபடகுகளும் சிறு படகுகளும் இருந்தது, தாஃப்னியில் சட்டவிரோதக் கட்டடங்கள், எல்லாம் வழக்கில் வந்தன. மொபெட் ஓட்டியவன் ஒரு நாட்டையே கோர்ட்டுக்கு இழுத்த கதை உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.

குடிகார ஊர் என்ற பெயர் எப்படி வந்தது?

டூர் கம்பெனிகள் ஊர்களை வயது வாரியாகப் பிரித்து விற்றன. இது குடும்பத்துக்கு, இது 18லிருந்து 25 வயதுக்கு என்று. லகனாஸ் இரண்டாவது பெட்டியில் விழுந்தது. அந்த வயதுக்காரன் அறை வாடகைக்குப் பேரம் பேசுவான், குடிக்குப் பேச மாட்டான். பிரதான தெரு பாராக மாறியது, வயதான தம்பதிகள் மற்ற ஊர்களுக்குப் போனார்கள், அவர்கள் போனதால் இன்னும் பார் வந்தது. தெருவை விட்டுப் பத்து நிமிடம் உள்ளே நடந்தால் கோழி கூவும், அது வேறு விஷயம்.

இப்போது வேலை செய்வது யார்?

1991க்குப் பிறகு அல்பேனியாவிலிருந்து வந்தவர்கள்தான் தீவின் கட்டடங்களையும் தோட்டங்களையும் தாங்கினார்கள். மிச்சமிருந்த திராட்சையும் ஆலிவும் பிழைத்ததில் அவர்கள் பங்கு பெரிது, அதை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. பலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள், பிள்ளைகள் கிரேக்கப் பள்ளியில் படித்தார்கள்.

குளிர்காலத்தில் ஊர் எப்படி இருக்கும்?

மூடிக் கிடக்கும். பிரதான தெருவில் இரும்புக் கதவுகள், பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலிகள், மழை. சீசன் வேலைக்காரர்கள் சில மாதம் வேலையில்லாப் படி வாங்குவார்கள், மீதி நாளுக்கு ஆலிவும் சேமிப்பும். முன்பு குளிர்காலத்தில்தான் கவாத்து, கிளறல் என்று ஊரே தோட்டத்தில் இருந்தது.

எல்லாமே ஒரு டூர் கம்பெனியை நம்பியிருந்தால் ஆபத்தில்லையா?

ஆபத்துதான், வந்தும் பார்த்தாயிற்று. 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் என்ற பெரிய பிரிட்டிஷ் டூர் கம்பெனி திவாலாகி விழுந்தது. உலகம் முழுக்க 6 லட்சம் பயணிகள் நடுவழியில் நின்றார்கள், அவர்களை எப்படியோ ஊர் சேர்த்துவிட்டார்கள். ஹோட்டல்காரர்களுக்குக் கோடை முழுக்கத் தங்கவைத்ததற்கான பாக்கி வரவில்லை, ஏனென்றால் அறை வாடகையைக் கம்பெனி இரண்டு மூன்று மாதம் தாமதித்துத்தான் கொடுக்கும். அடுத்த வருடம் கொரோனா. அதே 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற மத்தியதரைக்கடல் புயல் தீவை அடித்தது. 1893ல் விலை விழுந்ததைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட அதே கதை, சரக்கு மட்டும் வேறு.

கறண்ட்ஸ் இன்னும் விளைகிறதா?

விளைகிறது, பழைய அளவில் இல்லை. ஸாக்கிந்தோஸ் கறண்ட்ஸுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் நம் புவிசார் குறியீடு மாதிரியான பாதுகாக்கப்பட்ட பெயர் உண்டு. உள் கிராமங்களில், வயதானவர்கள் வைத்திருக்கும் தோட்டங்களில் பார்க்கலாம். சிலர் இயற்கை முறையில் செய்து ஹோட்டல் காலை உணவுக்கே விற்கப் பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஆகஸ்ட் என்னவோ ஆகஸ்டாகவேதான் இருக்கிறது, கை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பழைய நிலை திரும்புமா?

திரும்பாது. ஹோட்டல் இடித்துத் திராட்சை நட்டதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. வேண்டுமானால் சீசனை நீட்டலாம், ஏப்ரலிலும் நவம்பரிலும் நடைப்பயணம், ஆலிவ் பறிப்பு என்று ஆள் வரவைக்கலாம், ஜூலை ஆகஸ்டின் கழுத்து நெரிபடுவது கொஞ்சம் தளரும். அதற்கு விமானக் கம்பெனி சம்மதிக்க வேண்டும், ஊர்க்காரன் கையில் இல்லை.

போகிறேன். என்ன பார்க்க, எதைத் தவிர்க்க?

இரவில் கூடுள்ள கடற்கரைக்குப் போகாதீர்கள், டார்ச்சும் செல்ஃபோன் ஃபிளாஷும் வேண்டவே வேண்டாம். கம்பிக் கூண்டு வைத்த இடம் தெரிந்தால் அது கூடு, தள்ளி உட்காருங்கள். ஆமை பார்க்கும் படகில் போனால் ஒரே ஆமையைப் பத்துப் படகு சுற்றிக்கொண்டு நிற்கும், அப்படி நிற்காத படகோட்டியைத் தேடுங்கள், கிடைப்பது கஷ்டம். ஆயியோஸ் ஸோஸ்திஸ் குட்டித் தீவுக்கு, மரப்பாலம் திறந்திருந்தால், நடந்து போகலாம், கல்யாணம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து.

சாப்பிட என்றால் மந்தோலாத்தோ, முட்டை வெள்ளையும் தேனும் பாதாமும் சேர்ந்த மிட்டாய். உள்ளூர் வெள்ளை ஒயின் வெர்தேயா. எண்ணெயில் ஊறும் லாதோதீரி பாலாடைக்கட்டி.

அப்புறம் ஆகஸ்ட் பின்பாதியில் போனால், ஒரு நாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி முஸாகி, லித்தாக்கியா பக்கம் போங்கள். தோட்ட ஓரத்தில் கறுப்பாக ஒரு பாய் விரித்த மாதிரி தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள், வாசனையே சொல்லிவிடும். பெரியவர் யாராவது இருந்தால் 'கலிமேரா' என்று வணக்கம் சொல்லுங்கள், ஒரு கைப்பிடி கொடுப்பார். மிதித்துவிடாதீர்கள், மேகமாக இருந்தால் பேச்சுக் கொடுக்காமல் படுதா மூட ஒரு கை பிடியுங்கள்.